குளிரில் எடுத்த மதிப்பெண்

ஜன்னலை அகலத் திறந்துவைத்த பிறகுதான் செந்தில்நாதன் ஒரு லேப்டாப்பைச் சோதனைக்கு விடுவார். கோத்தகிரி மார்க்கெட் சாலையில் பழைய லேப்டாப் வாங்கி விற்கும் கடை அவருடையது. பிராசசரின் வேகத்தை அளந்து மதிப்பெண் போடும் பெஞ்ச்மார்க் ஓடும் பத்து நிமிடமும் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு திரையையே பார்த்திருப்பார். எண் வந்ததும், அதே பிராசசருக்கு இணையத்தில் மற்றவர்கள் போட்டிருக்கும் எண்களோடு ஒப்பிட்டு, சொந்தப் பிள்ளை மாவட்டத்தில் முதலாவதாக வந்ததுபோல் பூரித்துப்போவார்.

"கோயமுத்தூர்ல இதே மெஷினு ஏழாயிரந்தான் காட்டுமுங்க. நம்மகிட்ட ஒம்பதாயிரம். கைராசிங்க."

கைராசியும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை, எல்லாம் மலைக்குளிர். சூடேறினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பனி புகுந்து புறப்படும் கடையில் அது சூடேற வழியேது? அவருக்கு இது தெரியாததல்ல. மனம் உறுத்தினால் பதில் சொல்ல உள்ளுக்குள் ஒரு வக்கீல் வைத்திருந்தார்: 'பொய் நம்பரா போடறோம்? வந்த நம்பரத்தான சொல்றோம்.'

போன சித்திரையில் அந்த வக்கீல் வாயடைத்துப்போனார். கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பேச்சியின் மகள் ஜீவிதா, அவரிடம் வாங்கிய லேப்டாப்போடு வந்து நின்றாள். ஈரோட்டுக் கல்லூரியில் கடைசி வருடம். வேலைக்கான ஆன்லைன் தேர்வை விடுதி அறையில் எழுதியிருக்கிறாள். வெளியே நாற்பது டிகிரி வெயில். பாதியில் லேப்டாப் நகர மாட்டேன் என்றுவிட்டது. கடைசி இரண்டு கேள்விகளைத் தொடுவதற்குள் நேரம் முடிந்து, அந்த வேலை கைவிட்டுப் போனது.

சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று அவர் பதில்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதோ வேறு.

"மெஷின்மேல குத்தமில்லீங்ணா. இவ்ளோ ஸ்கோரு எடுத்தது எப்படி நிக்கும்? நாந்தான் என்னத்தையோ தப்பா அமுக்கிப்போட்டேன். அடுத்த மாசம் இன்னொரு கம்பெனி வருதுங்க. எப்படி ஓட்டறதுன்னு மட்டும் சொல்லிக்குடுங்க, போதும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். காதுமடல் சுட்டது, அந்தக் குளிரிலும் கழுத்து வேர்த்தது. வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 'உம்மேல தப்பில்ல கண்ணு' என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

"சார்ஜர் கொண்டாந்தியா?" என்றுதான் வந்தது.

ஜீவிதா லேப்டாப்பை மேசைமேல் வைத்தாள். விற்கும்போது அவர் எழுதி ஒட்டிய 9,140 என்ற சீட்டு மூடியில் அப்படியே இருந்தது. உரிந்துவிடக் கூடாதென்று அதன்மேல் செல்லோடேப் ஒட்டி வைத்திருந்தாள். செந்தில்நாதன் குனிந்து, கட்டைவிரல் நகத்தால் அதன் ஓரத்தைச் சுரண்டத் தொடங்கினார்.