செவ்வாய்க்குப் போகும் வண்டி, வடக்கனந்தல் வழி

கால் வைக்கவே முடியாத ஊரைப் பற்றிப் பேசிப் பிழைக்கிற தொழில் என்னுடையது. இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த நாட்களில், ஒரு கண்காட்சி வேனில் கள்ளக்குறிச்சிப் பக்கப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் செவ்வாய்க் கிரகத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். அங்கே ஓடும் ரோவர் வண்டியின் மாதிரி ஒன்று, கிரகத்தைச் சுற்றும் விண்கலத்தின் மாதிரி ஒன்று, ஓட்டுநர் வீரமுத்து அண்ணன், நான். இவ்வளவுதான் குழு. சாமான் தூக்கி, ஊர் ஊராகப் பேசித் தொண்டை கட்டியவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

கல் தாண்டியது

வடக்கனந்தலுக்கு முன்னால் மறியல். ரோட்டில் கருங்கல் அடுக்கியிருந்தார்கள். பள்ளியில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். மறியலுக்குத் தலைமை தாங்கியவர் வேனுக்குள் எட்டிப் பார்த்து, "இது இன்னா?" என்றார். செவ்வாயில் கல், மேடெல்லாம் ஏறி இறங்கும் வண்டி என்றேன். "எங்க கல்லு மேல ஏத்திக் காட்டுங்க பாப்பம்!"

மாதிரியை இறக்கிக் கல்லுக்கு முன்னால் வைத்தேன். மேடையில் நாலு புத்தகத்தின் மேல் ஏறித்தான் அதற்குப் பழக்கம். ரிமோட்டை அழுத்தினேன். ஒரு பக்கம் சாய்ந்து, முக்கி, எப்படியோ அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. கோஷத்தை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். எங்களுக்கு வழிவிடக் கல்லை நகர்த்திக்கொண்டே தலைவர் கேட்டார்: "ஆளே இல்லாத எடத்துக்கு வண்டி போய்ச் சேந்துடுச்சு. எங்க மனு எப்பங்க கோட்டைக்குப் போய்ச் சேரும்?"

தோஷம்

சங்கராபுரத்தில் ஒரு அம்மா படங்களையெல்லாம் நின்று பார்த்தார். மகளுக்குச் செவ்வாய் தோஷமாம். பேசி முடித்த இடம் பின்வாங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் மாப்பிள்ளையின் அம்மாவையே கையோடு கூட்டி வந்துவிட்டார்.

முதல்நாள் சொன்னதையெல்லாம் திரும்பச் சொன்னேன்: கல், செம்மண், குளிர், கோடிக்கணக்கான கிலோமீட்டர். அந்தக் கல்யாணம் பிறகு நடந்தது. என் விளக்கம் காரணமில்லை. பெண்ணின் அம்மா சம்பந்தியிடம் கேட்டதுதான் காரணம்: "இம்மாந் தூரத்துல குந்திக்கினு இது எப்பிடிங்க நம்ம வூட்டுக் கல்யாணத்த நிறுத்தும்?"

சிக்னல்

ரோவர் எடுக்கும் படத்தை மேலே சுற்றும் விண்கலம் வாங்கிப் பூமிக்கு அனுப்பும் என்று மலை மேலிருக்கும் கரியாலூரில் விளக்கினேன். போன் பேசப் பாறை மேல் ஏறி நின்றிருந்த வாத்தியார் இறங்கி வந்தார்: "அதுல ஒண்ண நம்ம மலைக்கு மேல சுத்தவுட முடியுங்களா?"

ஐந்து சக்கரம்

அதே கரியாலூரில், பாதி நிகழ்ச்சியில் எங்கள் ரோவரின் ஆறு சக்கரத்தில் ஒன்று இறுகிப் போயிற்று. கூட்டம் சிரித்தது. ரிமோட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். வீரமுத்து அண்ணன் காதருகே, "பின்னால ஓட்டு, இழுத்துக்கினு வரும்" என்றார். ஓட்டினேன். வந்தது.

அப்போதுதான் நினைவு வந்து சொன்னேன். செவ்வாயில் ஒரு ரோவருக்கு இதே கதி. நின்ற சக்கரத்தை இழுத்துக்கொண்டே பின்பக்கமாக ஓடியது. அந்தச் சக்கரம் கீறிய இடத்தில் வெள்ளை மண் தெரிந்தது. முன்பு அங்கே வெந்நீர் இருந்திருக்கும் என்பதற்கு அதுவே தடயம். சிரிப்பு அடங்கியது. பக்கத்து ஊரிலிருந்து மகளோடு நடந்தே வந்திருந்த ஒரு பெண் எழுந்தார்: "எங்க பஸ்ஸுக்கும் ஆறு டயருதான் சார், ஆறும் நல்லாத்தான் கீது. அது ஏன் வர மாட்டேங்குது?"

செவ்வாயைப் பற்றி எதைக் கேட்டாலும் பதில் சொல்ல மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வந்த கேள்வியெல்லாம் கள்ளக்குறிச்சியைப் பற்றி.