தங்கச்சியின் அளவில் வந்த கூறைச் சட்டை

நாலு வருடத்துக்கு முன், நோன்புப் பெருநாள் கழிந்த மாதம், கனமூலை ஊரில் எங்கள் வீட்டு நடு அறை. உள்ளே இருந்தது நான், என் உம்மா, தங்கச்சி, மாப்பிள்ளையின் உம்மா, மாப்பிள்ளையின் அக்காவான ராத்தா, வீடியோ எடுக்க வந்த பெண். அவ்வளவுதான். வெளியே நிக்காஹ் முடிந்துவிட்டது. கதவுக்கு உள்பக்கம் கொண்டி போட்டிருந்தார்கள். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று அந்த அறையில் எனக்கு மட்டுந்தான் தெரியும்.

முதலில் இருந்து சொல்கிறேன். பெண் பார்க்க கற்பிட்டிப் பக்கமிருந்து வந்தபோது, மாப்பிள்ளையின் உம்மா என் மேல்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல உடம்புவாகு" என்றார். பக்கத்தில் இருந்த அவர் மகள், அந்த ராத்தாவும் சிரித்தார். அந்த ஒரு பேச்சு போதும், என் நித்திரை போய்விட்டது. அது புகழ்ச்சியா, குத்தலா?

உம்மாவிடம் கேட்டேன். "மெலிஞ்ச புள்ளையப் பாத்தா நோயாண்டு கேக்குற ஊரு இது. பேசாம சோத்தத் தின்னு" என்றார். தங்கச்சி தன் போனை நீட்டினாள். அதில் ஒருத்தி இடுப்பைக் குறைக்கப் பதினைந்து வழி சொன்னாள். அடுத்ததில் இன்னொருத்தி, வளைவு நெளிவு இருப்பதுதான் இப்போது அழகு என்று சிரித்தாள். கண்ணாடிக்கு முன் போனால் முதல் ஆள் சொன்னதுதான் சரி என்று தோன்றும். நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், யார் சொல்வதையும் தூக்கிப்போடத் தைரியம் வராது.

எங்கள் பக்கம் கூறைப் புடவையும் அதற்குரிய சட்டையும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வரும். நிக்காஹ் முடிந்ததும் அந்த வீட்டுப் பெண்களே உடுத்திவிடுவார்கள். மாப்பிள்ளையின் ராத்தா தையல்காரி, சட்டையைத் தானே தைப்பதாகச் சொல்லி என்னிடம் ஓர் அளவுச் சட்டை கேட்டு அனுப்பினார். என் சட்டையைக் கையில் எடுத்தேன். அதை விரித்து அவர்கள் மேசையில் வைத்து நாடாவால் அளப்பதை நினைத்ததும் உடம்பு கூசியது. அலுமாரியில் இருந்த தங்கச்சியின் சட்டையை மடித்து அனுப்பிவிட்டேன். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறதே, அதற்குள் அந்த அளவுக்கு வந்துவிடலாம் என்று என் கணக்கு.

சோற்றை விட்டேன். வெறும் வயிற்றில் புளிக்கப் புளிக்கத் தேசிக்காய் பிழிந்த தண்ணீர் குடித்தேன். நெஞ்செரிவு வந்தது, முகம் வாடியது. இடுப்பு இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

அன்று அந்த நடு அறையில், சட்டையின் கை என் முழங்கைக்கு மேல் ஏறவில்லை. வீடியோப் பெண் கமராவை இறக்கிவிட்டாள்.

"என்ன மகள், விருந்துச் சாப்பாட்ட முந்தியே சாப்பிட்டுட்டீங்களா?" என்று மாப்பிள்ளையின் உம்மா சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஒன்றும் அறியாத என் உம்மாவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"நாங்க அளவுச் சட்டை குடுத்துத்தானே விட்டோம். அதுக்குத் தைச்சா ஏன் ஏறாம நிக்கிது?"

மாமியின் சிரிப்பு நின்றது. மகளைத் திரும்பிப் பார்த்தார். "இதானா உன்ட தையல்? இந்த நாள்லயா என்னத் தலகுனிய வெக்கணும்?"

எல்லாரும் ராத்தாவைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், பிறகு அலுமாரி ஓரம் நின்ற தங்கச்சியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார். இப்போது சொல்லப்போகிறார், வெளியே பந்தலில் இருக்கிற அத்தனை பேருக்கும் போகப்போகிறது, கல்யாணத்தின் முதல் நாளே பொய்க்காரி என்று பேர்.

"ஓம், என்ட கைதான் பிழைச்சிட்டு. அவசரத்துல வெட்டிட்டேன்" என்றார் அவர். "எல்லாரும் வெளிய போங்க. ஊசி நூல் மட்டும் தாங்க."

கதவைச் சாத்தியதும் சட்டையின் கைத் தையலையும் இரண்டு பக்கத் தையலையும் பிரித்தார். அப்புறம் கூறைப் புடவையை விரித்து, கத்தரிக்கோலை எடுத்தார்.

"அல்லாஹ், கூறையையா வெட்டப் போறீங்க?"

"உள்ளுக்குச் செருகுற முனைதான். ஆரு பாக்கப் போறா?"

வெட்டிய துண்டுகளைச் சட்டைக் கை நுனியிலிருந்து இடுப்புவரை வைத்துக் கையாலேயே தைத்தார். வெளியே யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் நான் துள்ளினேன்.

"அசையாதீங்க, குத்தும். ஏன் புள்ள இப்பிடிச் செஞ்சீங்க?"

அவருடைய உம்மா கையைப் பிடித்துச் சொன்ன பேச்சைச் சொன்னேன். அவர் தைப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"அதுக்கா? வீட்டுக்குப் போற வழியெல்லாம் உம்மாக்கு உங்கட கததான். 'இந்தப் புள்ள வந்தா வீடு நெறஞ்சிரும்'ண்டு. என்னப் பாக்க வந்த மூணு வீட்டு ஆக்களும் என்ன சொன்னாங்க தெரியுமா? ஈர்க்குக் குச்சியாம். அதோட போனவங்கதான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சட்டை ஏறியது. முக்காட்டுக்குள் ஒட்டுத் தெரியவில்லை. ஆனால் பந்தலில் 'மதினிக்காரி அளவைக் கெடுத்துவிட்டாளாம்' என்ற பேச்சு எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. அவர் காதிலும் விழுந்தது. அவர் பாட்டுக்கு வந்தவர்களுக்கு வட்டிலப்பம் பரிமாறிக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை ஒரு வீட்டார், மகளின் கல்யாணத்துக்கு ராத்தாவிடம் தைக்கக் கொடுத்திருந்த துணிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். அன்று மத்தியானமே மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். "என்னட்ட சொல்லி என்ன? அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். போனேன். வாசலில் நின்று, அது தங்கச்சியின் சட்டை, என் அளவு இது என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த வீட்டுப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். துணி ஏற்கெனவே வேறு கைக்குப் போய்விட்டது, திரும்பி வரவில்லை.

என் உடம்பைப் பற்றிய கவலை தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்றும் யாராவது போட்டோ எடுத்தால் பின்வரிசைக்குப் போகப் பார்ப்பேன். ஆனால் உடம்பைப் பற்றி என்னைவிட அதிகமாகப் பேச்சுக் கேட்டவர், என்னை மாட்டிவிட ஒரே ஒரு சொல் போதுமாக இருந்தும் அதை விழுங்கிக்கொண்டார். அந்த நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்னமும் நெஞ்சு படபடக்கிறது.