மூன்று ஓலைகளும் ஒரு பெயரும்

எழுபத்தொன்பதில், என் திருமணத்துக்கு முந்தைய மூன்று ஞாயிறுகளிலும் மாதா கோயிலில் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்ற அறிவிப்பு. எனக்குத் திக்குவாய் என்பது பெண் வீட்டாருக்குத் தெரியாது. ஒவ்வொரு ஓலையின்போதும் யாராவது எழுந்து சொல்லிவிடுவார்களோ என்று உட்கார்ந்திருந்தேன்.

விழிதியூருக்குப் பெண் பார்க்கப் போனபோது சமாளித்துவிட்டேன். ‘க’ எனக்கு வராது. காபியா டீயா என்றார்கள், டீ என்றேன். பிடித்தது காபி. மற்றதற்கெல்லாம் ஆமாம், இல்லை. அடக்கமான பிள்ளை என்று பெயர் வாங்கினேன்.

அவளை வீட்டில் கூப்பிடும் பெயர் ‘ம’வில் தொடங்கும். அது எளிது. ஞானஸ்நானப் பெயரோ ‘க’வில் தொடங்கும். பீடத்தின் முன் வாக்குறுதியில் அதைத்தான் சொல்ல வேண்டும். மண்டபத்தூர் கடற்கரைக்கு சைக்கிளில் போய்ச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். தனியாக இருக்கும்போது திக்காது. பலரோடு சேர்ந்து ஜெபமாலை சொல்லும்போதும் திக்காது.

திருமணம் புதன்கிழமை. பத்தேகாலுக்கு வலது கைகளைச் சேர்த்துப் பிடித்தோம். பங்குச் சாமியார் வாக்குறுதியைத் துண்டு துண்டாகச் சொல்லிக் கொடுத்தார். முதல் துண்டே அவள் பெயர். ‘க’ வரவில்லை. தப்பிக்கும் பழக்கத்தில் வீட்டுப் பெயரைச் சொன்னேன்.

“ஞானஸ்நானப் பேரச் சொல்லுங்க. பதிவேட்டுல அதான் இருக்கு,” என்றார்.

மறுபடி முயன்றேன். தாடைதான் நடுங்கியது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: “என்னடி, மாப்ள வாயவே தொறக்கல?”

“இழுத்துட்டு வந்துட்டாங்களோ என்னமோ.”

சாமியார் விரலை உள்ளே வைத்துப் புத்தகத்தைப் பாதி மூடினார். “உங்களுக்குச் சம்மதந்தானே?”

தலையாட்டினேன்.

“வாயால சொல்லணுங்க.”

அவள் கை இறுகியது. குனிந்த தலையோடு, எனக்கு மட்டும் கேட்கும்படி தன் பெயரைச் சொல்லத் தொடங்கினாள். அந்தக் குரலோடு சேர்ந்துகொண்டேன். பெயர் வந்தது. தன்னையே மனைவியாக ஏற்றுக்கொள்வதாக, என்னோடு சேர்ந்து கடைசி வரை முணுமுணுத்தாள்.

பதிவேட்டில் கையெழுத்திடும்போது மெல்லச் சொன்னாள்: “நிச்சயத்தன்னைக்கு ஜெபமாலையில சரளமா ஓடுச்சு. யாராச்சும் கேள்வி கேட்டாத்தான் நின்னுச்சு. அன்னைக்கே தெரியும்.”

மறுநாள் காலை அடுப்படியிலிருந்து கேட்டாள். “காபியா, டீயா?”

டீ நாக்கு நுனியில் தயாராக இருந்தது. விழுங்கிவிட்டு ‘கா’வில் நின்றேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவளும் நின்றாள். இந்த முறை என்னோடு சேர்ந்து சொல்லவில்லை.