நாசி கண்டார் முதலாளிக்கு ஐம்பது மில்லி கஞ்சி

பக்கத்து நாடுகளிலிருந்தெல்லாம் வைத்தியம் பார்க்கப் பினாங்குக்கு வருகிறார்கள், நம் ஆட்களோ வைத்தியம் பார்க்கப் பினாங்கிலிருந்து விமானம் ஏறுகிறார்கள். அப்படிப் போனவர்கள் திரும்பி வந்ததும் வீட்டில் வைத்துக் கவனிக்க ஏற்பாடு செய்வதுதான் என் தொழில்.

இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்துவிட்டு, நான்கு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். உடல் எடைக்காக இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் எனக்கு அதிகம். கத்தி வைக்கிற வேலை அங்கே இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். மிச்சமுள்ள ஒரு வருட வேலை இங்கேதான். காயத்துக்கு மருந்து கட்ட வேண்டும். எந்த வாரம் எதைக் குடிக்கலாம், எப்போது மெல்லலாம் என்று பார்க்க வேண்டும். அங்குள்ள டாக்டரோடு வீடியோவில் பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, சொந்தபந்தங்களிடமிருந்து நோயாளியைக் காப்பாற்ற வேண்டும். வீட்டில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர் சொல்லும் யோசனைக்கெல்லாம் தலையாட்டிய அனுபவம் உங்களுக்கு இருந்தால், நீங்களும் என் கட்சிதான். யூசுப் அண்ணன் வீட்டில் நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். மற்றதைச் சொல்ல அவரே சம்மதித்துவிட்டார்.

காலியாக வந்த சக்கர நாற்காலி

யூசுப் அண்ணனுக்கு ஜார்ஜ்டவுனில் நாசி கண்டார் கடை. சோற்றின் மேல் நாலைந்து கறிகளின் குழம்பை ஒன்றாக ஊற்றிக் கொடுக்கிற கடை. வயது ஐம்பத்தாறு, எடை நூற்று முப்பத்தொரு கிலோ, கூடவே சர்க்கரை, தேய்ந்துபோன இரண்டு முட்டிகள். ஆறு வருடமாக நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறார். தரையில் நெற்றி வைத்துத் தொழ வேண்டும், அந்த ஒன்றுக்காகத்தான் சென்னைக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன் என்று புறப்படும் முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். ஊருக்குச் சொன்ன காரணம் வேறு. ஊருக்கே சோறு போடுகிற முதலாளி, சாப்பாட்டைக் குறைக்க இரைப்பையை வெட்டிக்கொண்டார் என்றால் கடைக்கு என்ன மரியாதை? குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லி வைத்தார்.

ஆபரேஷன் முடிந்த எட்டாம் நாள் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். நான் சக்கர நாற்காலியோடு நின்றேன். அவர் அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்சி வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் கடைக்கு வருகிறவர்களாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக நடந்தார். அவர் மனைவி மைமூன் அக்காவின் பையை நாற்காலியில் வைத்து நான் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். என் காடியில், அதாவது காரில், ஏறி உட்கார்ந்து வேர்வையைத் துடைத்த பிறகுதான் வாயைத் திறந்தார். இங்கே தாதிகளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நாற்காலி சகவாசமே வேணாம் மிஸ்ஸி, அத விட்டுத் தொலைக்கத்தானே இவ்ளோ தூரம் போய்ட்டு வந்தேன்."

வாளியில் ஏழு விரால்

உடம்பில் கத்தி பட்டால் விரால் மீன் சூப் குடிக்க வேண்டும் என்பதில் இந்தத் தீவில் மலாய்க்காரர், சீனர், தமிழர் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஹாருவான் என்று எல்லோரும் சொல்கிற அதே மீன்தான். யூசுப் அண்ணன் வீடு திரும்பிய செய்தி அவர் குடியிருக்கும் ஜெலுத்தோங் முழுக்கப் பரவியது. மூன்றாம் நாள் நான் போனபோது குளியலறை வாளியில் ஏழு விரால்கள் உயிரோடு நெளிந்துகொண்டிருந்தன. ஒன்று துள்ளி வெளியே விழுந்து, அக்கா குளிக்க முடியாமல் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டார். தீவின் மறுபக்கம் பாலிக் புலாவிலிருந்து இன்னும் இரண்டு வருகிறது என்று போனில் தகவல்.

சென்னை டாக்டரை வீடியோவில் பிடித்துக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, மிளகு போடாமல் வேகவைத்து, சதை துளியும் இல்லாமல் வடிகட்டினால் தாராளமாகக் கொடுக்கலாம் என்றார். தாராளம் என்றால் ஒரு வேளைக்கு ஐம்பது மில்லி. மருந்துக் கோப்பையில் அளந்து, ஸ்பூன் ஸ்பூனாக, அரை மணி நேரம். மீன் கொண்டு வந்தவர்கள் எதிரே உட்கார்ந்து அவர் குடிப்பதைப் பார்ப்பார்கள். தாங்கள் கொடுத்த ஒரு முழம் மீனுக்கு இவ்வளவுதான் மரியாதையா என்று அவர்கள் முகத்திலேயே எழுதியிருக்கும். பள்ளிவாசல் சிநேகிதர் ஒருவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடமே கேட்டுவிட்டார்.

"குடலிறக்கத்துக்கே இவ்ளோதான் குடுக்குறீங்கன்னா, பெரிய நோவு வந்தா மோந்து மட்டும் பாக்கச் சொல்வீங்களா மிஸ்ஸி?"

எனக்குக் கிடைத்த பொட்டலம்

மைமூன் அக்கா ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. டாக்டர் கொடுத்த தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்து, எழுத்துப் பிசகாமல் நடந்தார். ஆனால் முப்பது வருடம் வாரி வாரிப் போட்ட கைக்கு ஐம்பது மில்லி கஞ்சியை அளப்பது பெரிய தண்டனை. ஒரு நாள் அளந்துகொண்டிருந்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அழுதார். அந்தக் குறையை என்னிடம் தீர்த்துக்கொண்டார். நான் போகும் போதெல்லாம் கடையிலிருந்து ஒரு பொட்டலம் தயாராக இருக்கும். கதவைத் திறந்ததும் அவர் கேட்பது பசியாறியாச்சா என்பதுதான். ஆயிற்று என்று சொன்னாலும் பொட்டலம் வரும்.

நோயாளிக்கு வாசனை போகக்கூடாது என்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சன்னலைத் திறந்து வைத்து, திருட்டுத்தனமாகச் சாப்பிடுவேன். ஒரு நாள் பாதிச் சாப்பாட்டில் உள் அறையிலிருந்து அவர் குரல் கேட்டது.

"மிஸ்ஸி, இன்னிக்கு மீன் தலைக் கறிதானே? மெதுவாச் சாப்புடுங்க, எனக்கும் சேத்து."

பதினோரு சட்டி, பதினோரு ஸ்பூன்

மூன்றாவது வாரம் வம்பு வந்தது. கடை திறந்த நாளிலிருந்து யூசுப் அண்ணன் காலை ஆறு மணிக்குப் பதினோரு சட்டியிலும் ஸ்பூன் விட்டு ருசி பார்த்த பிறகுதான் வியாபாரம் தொடங்கும். இப்போது அவர் படுக்கையில். பழைய ருசி இல்லை என்று வாடிக்கையாளர்கள் போன் போட்டார்கள். அவர் தூக்கத்தைத் தொலைத்தார். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுங்கள், அதற்கு மேல் கூடாது என்று நான் யோசனை சொன்னேன். சாப்பாட்டைத் துப்புவதா என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். அதோடு பேச்சை விட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போனால் ஆள் இல்லை. நடைப்பயிற்சிக்குப் போயிருக்கிறார் என்றார் அக்கா. ஐயா டாக்சி பிடித்துக் கடைக்குப் போயிருந்தார். பதினோரு ஸ்பூன் குழம்பு, பதம் பார்க்க ஒரு துண்டு ஆட்டிறைச்சி, எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தார். இடது தோளில் வலி என்றார். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நூற்று இருபத்தாறு. இரைப்பையில் தையல் போட்ட இடம் விட்டுப்போனால் இப்படித்தான் தொடங்கும்.

அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த டாக்டர் யார் வெட்டியது, எங்கே வெட்டியது என்று கேட்டு, சென்னையோடு என் போனிலேயே பேசி, ஸ்கேன் எடுத்தார். நான்கு மணி நேரம் காத்திருந்தோம். அண்ணன் கடையைப் பற்றிக் கேட்கவில்லை. தையல் விட்டிருந்தால் மறுபடியும் வெட்டுவார்களா, அப்புறம் தரையில் தொழ முடியுமா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். கடைசியில் டாக்டர் வந்து தையல் பத்திரமாக இருக்கிறது என்றார். இறைச்சி அடைத்துக்கொண்டு வாந்தியில் வெளியே வந்துவிட்டது, உடம்பில் தண்ணீர் குறைந்ததால் நாடி ஓடுகிறது, டிரிப் ஏற்றினால் போதும் என்றார். உயிர் வந்த கையோடு எனக்குக் கோபமும் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நீங்க திட்டுறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லிர்றேன் மிஸ்ஸி, ஆறாவது சட்டில உப்புக் கம்மி."

அக்காவின் வாக்குமூலம்

வீட்டுக்கு வந்ததும் உட்கார வைத்துப் பேசினேன். ருசி பார்க்க வேறு ஆளைப் போடுங்கள், இல்லையென்றால் நான் வருவதை நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். அப்படி ஒரு நாக்கு வேறு யாருக்கு இருக்கிறது என்று கேட்டார். கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிராமலே ஒரு வாக்கியம் சொன்னார். அதைக் கேட்டு அண்ணன் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ மறுநாள் காலை தானே டாக்சியைக் கூப்பிட்டு அக்காவைக் கடைக்கு அனுப்பினார். இத்தனை நாளும் அக்கா வீட்டில் உட்கார்ந்து இவரைப் பார்த்துக்கொண்டதுதான் ருசி கெட்டதற்குக் காரணம் என்று எனக்கும் அப்போதுதான் புரிந்தது. காலை நேரத்தை ஒதுக்கி அண்ணனுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். ஒரு வாரத்தில் புகார் போன்கள் நின்றன. அக்கா அன்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"முப்பது வருஷமா நீங்க ருசி பாத்துட்டுக் கல்லாவுக்குப் போன பொறவு, நாந்தான் பதினோரு சட்டிலயும் உப்புச் சரி பண்ணிக்கிட்டு இருக்கேன்."

கல்லாவுக்கு மேலே ஒரு போட்டோ

நாலாவது மாதம் முப்பத்தொரு கிலோ குறைந்து கடைக்குப் போனார். நான் பெருமைப்பட்டேன். வாடிக்கையாளர்கள் கவலைப்பட்டார்கள். தொழிற்சாலை பஸ் ஓட்டுகிற சுப்ரா என்பவர் அண்ணனையும் தன் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முதலாளியே சாப்பிடாத கறியை நாம் எப்படி நம்புவது என்று அதே மேசையில் சாப்பிட்டவர்களிடம் கேட்டிருக்கிறார். வேறு வழியில்லாமல் யூசுப் அண்ணன் ஆபரேஷன் விஷயத்தை எல்லோருக்கும் உடைத்துச் சொன்னார். யாரும் நம்பவில்லை. குடலிறக்கம் என்று சொன்னபோது மட்டும் உடனே நம்பிய கூட்டம்.

பிறகு அக்கா யோசனை சொல்லி, அண்ணன் நூற்று முப்பத்தொரு கிலோவில் சிரித்துக்கொண்டிருந்த பழைய போட்டோ ஒன்றைப் பெரிதாக்கிக் கல்லாவுக்கு மேலே மாட்டினார்கள். கூட்டத்துக்கு மனசு ஆறியது. சுப்ராவுக்கு மட்டும் ஆறவில்லை. அன்று நானும் கடையில் இருந்தேன். போட்டோவை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்திருந்த முதலாளியிடமே கேட்டார்.

"அண்ணே, மேல இருக்குறவரு எப்ப லா கடைக்கு வருவாரு?"

விரிப்பின் ஓரம்

எடை குறைந்தாலும் தேய்ந்த முட்டி தேய்ந்ததுதான், மடங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். யூசுப் அண்ணன் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. தினமும் கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முட்டியை மடக்கிப் பழகினார். பாதியில் நின்றுவிடும். மறுநாளும் அதே பாதி. ஐந்தாம் மாதம் முழுக்க அப்படியே போயிற்று. அவர் முன்னால் நான் தைரியம் சொல்வேன். வெளியே வந்து காடியில் உட்கார்ந்ததும் எனக்கே நம்பிக்கை இருக்காது.

ஏழாவது மாதம் ஒரு மாலை, வைட்டமின் ஊசி போடப் போயிருந்தேன். அஸர் தொழுகை நேரம். அண்ணன் நாற்காலியை எடுத்துச் சுவரோரம் வைத்தார். நானும் அக்காவும் சமையலறை வாசலில் நின்றோம். நின்று தொழுதார், குனிந்தார். பிறகு கட்டிலைப் பிடிக்காமல் ஒரு முட்டியை மடக்கினார், அடுத்ததையும் மடக்கினார். முட்டி சொடுக்கிய சத்தம் எங்களுக்குக் கேட்டது. நெற்றி தரையில் பட்டது. அப்படியே இருந்தார். எழ முடியாமல் கிடக்கிறாரோ என்று அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பழக்க தோஷம், நான் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பது வரை எண்ணியபோது நிமிர்ந்தார். மறுபடியும் நெற்றியைத் தரையில் வைத்தார், நிமிர்ந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைப்பானேன். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தொழுகை முடிந்ததும் அண்ணன் எழுந்திருக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்து தொழுகை விரிப்பின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"ஆறு வருஷமா மேலருந்தே பாத்துக்கிட்டு இருந்தேன் மிஸ்ஸி, இந்த ஓரத்துல நூல் பிரிஞ்சிருக்குறது இன்னிக்குத்தான் தெரியுது."

யூசுப் அண்ணன் இதுவரை இறக்கிய நாற்பத்து நாலு கிலோவில் ஏழு கிலோ அக்காவின் பொட்டலங்கள் வழியாக என்னிடம் வந்து பத்திரமாக இருக்கிறது, சுவரோரம் சும்மா கிடக்கும் அந்த நாற்காலியையும் என் முட்டிக்காக எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறார்கள்.