பதினோராவது ஹாக்கி உடுப்பு

தோழிகளே, சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் இதை விடுதிப் பலகையில் ஒட்டியே ஆகவேண்டும்!

இன்று மாலை நானும் சரசுவும் திருக்கோகர்ணத்துக்குப் போய், டெய்லர் பாயிடம் தைக்கக் கொடுத்திருந்த நம் ஹாக்கி உடுப்புகளை வாங்கினோம்.

போன வருடம் நாம் நான்கே பேர். முழங்கால்வரை பாவாடை கேட்டோம். அவர் கணுக்கால்வரை தைத்துத் தந்தார். நாம் தடுக்கி விழுந்த கதை ஊருக்கே தெரியும்.

இந்த வருடம் பத்துப் பேர். இன்னும் ஒருத்தி கிடைக்காவிட்டால் சனிக்கிழமை திருச்சியில் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகமுடியாது என்று, அளவு கொடுத்த அன்றே அவரிடம் புலம்பியிருந்தேன்.

இன்று பொட்டலத்தைப் பிரித்தால் எல்லாம் சரியாக முழங்கால் அளவு! எண்ணினால் பதினொன்று.

"பாய், ஒண்ணு கூடுதலா இருக்குங்க."

"கூடுதல் இல்லம்மா. அது எம் மக ஜமீலாவுக்கு. ஒங்க காலேஜிலதான் பி.யூ.சி. படிக்கிறா. தெனமும் நீங்க ஆடுறதை நின்னு பாத்துட்டுத்தான் வீட்டுக்கு வாரா. நாளைக்கு அவளையும் எறக்குங்க."

அந்த ஒன்றுக்கு மட்டும், உள்ளே போட்டுக்கொள்ள அதே துணியில் பைஜாமாவும் தைத்திருந்தார்.

சரசு கடையிலேயே குதித்துவிட்டாள்!

உள்ளேயிருந்து ஜமீலா எட்டிப் பார்த்தாள். "அக்கா, மட்டையில எந்தக் கை மேல இருக்கணும்?"

போட்டிக்கு நான்கே நாள். அவளுக்கு யார் எதைச் சொல்லித் தருகிறீர்கள்? கீழே பென்சிலால் எழுதுங்கள்.

நம் சரளைத் தரையில் விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டவர்கள், பைஜாமா வேண்டுமானால் பாயிடம் நேரே சொல்லிவிடுங்கள். எனக்கு ஒன்று தைக்கச் சொல்லியாகிவிட்டது.