தம்பி நிலத்துக்கடியில் இருந்த மத்தியானம்

என் தம்பி வேலை பார்க்கும் இடம் பூமிக்கு அடியில் இருக்கிறது என்பதை அப்பா தெரிந்துகொண்டது ஒரு வகுப்பறைச் சுவரில் விழுந்த படத்தைப் பார்த்துத்தான். பூமிக்கு அடியில் என்றால் பயப்படுவார்களே என்று, அதுவரை வீட்டில் தம்பியும் நானும் சொல்லிவைத்திருந்தது வேறு. ஐரோப்பாவில் ஓர் ஆபீஸ், கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை, அவ்வளவுதான். முழுப் பொய்யும் இல்லை. பாதி நாள் அவன் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தான்.

கொடைக்கானலைத் தாண்டி, போளூர் போகிற வழியில் உள்ள ஒரு பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. தம்பி இருப்பது பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஓர் ஆய்வுக்கூடம். அணுவுக்குள் இருக்கும் துகள்களைப் பெரும் வேகத்தில் மோதவிட்டு, அதில் என்ன தெறித்து வருகிறது என்று பார்க்கிறார்கள். குளிர்காலத்தில் எந்திரத்தை நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். அந்த நாட்களில் கீழே இறங்கி, தூரத்துப் பள்ளிகளுக்கு வீடியோவில் சுற்றிக்காட்டுவதும் உண்டு. “அக்கா, நம்ம பிள்ளைகளுக்கும் காட்டட்டுமா?” என்று அவன் கேட்டபோது நான் துள்ளிக் குதித்தேன்.

அப்பாவை வரச் சொன்னது நான்தான். மகனைச் சுவர் அளவுக்குப் பெரிதாகப் பார்க்கட்டுமே என்ற ஆசையில் மற்றதை மறந்துவிட்டேன். பூண்டுக் காட்டில் களை எடுக்கிற சமயம் என்பதால் அம்மா வரவில்லை. அப்பா மட்டும் வெளுத்த சட்டையும் மஃப்ளருமாக வந்து, பிள்ளைகளுக்குப் பின்னால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

சுவரில் தம்பி ஹெல்மெட்டோடு தெரிந்தான். பக்கத்தில் ஒரு பெண் குரல் “வணக்கம்” என்றது. அவனோடு வேலை செய்யும் இத்தாலியப் பெண். படம் பிடிக்கிற தம்பியின் போன் அவள் கையில் இருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். தம்பி இடுப்பில் இருந்த சின்னப் பெட்டியைத் தட்டிக் காட்டினான். “இது காத்துல ஆக்சிஜன் கொறஞ்சா கத்தும். இந்தப் பையில மூச்சு விடுறதுக்கு மாஸ்க் இருக்கு. சும்மா, ஒரு பாதுகாப்புக்கு.” பிறகு லிஃப்ட்டுக்குள் நுழைந்தான். கதவு மூடியது.

பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. “ஏம்மா, எங்க எறங்குறான் அவன்?”

“கீழதான்ப்பா. உக்காருங்க.”

“கீழன்னா எம்புட்டு?”

“நூறு மீட்டர் இருக்கும்.”

அவர் உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

லிஃப்ட் திறந்ததும் ஒரு பெரிய குகை தெரிந்தது. பல மாடி உயரத்துக்கு இரும்பும் ஒயருமாக ஓர் எந்திரம், அதன் நடுவில் தம்பி எறும்பு மாதிரி. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து ஏதோ கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வாயைத் திறந்தான். அப்போது சைரன் அலறியது.

அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். யாரிடமோ ஆங்கிலத்தில் கத்தினான். கை பைக்குப் போனது. படம் சரிந்தது. இரும்புத் தரை, ஓடுகிற இரண்டு பூட்ஸ் கால்கள், சுற்றிச் சுற்றி வந்த மஞ்சள் வெளிச்சம். அப்புறம் சுவர் கறுப்பாகிவிட்டது.

“கரண்ட் போச்சா டீச்சர்?” என்று ஒரு பையன் கேட்டான்.

“ஆமாப்பா, அங்க லைன் போயிருச்சு” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவிட்டார்.

எங்கள் பள்ளியில் தண்ணீர்த் தொட்டி மூலையில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் நின்று தம்பியின் எண்ணை அழுத்தினேன். மணி அடிக்கவே இல்லை. மறுபடி அழுத்தினேன். அப்பா பின்னாலேயே வந்துவிட்டார்.

“என்ன சத்தம் அது?”

“ஒத்திகையா இருக்கும்ப்பா. அப்பப்ப நடத்துவாங்களாம்.”

“பொய் சொல்லாத தாயி. அவன் மூஞ்சியப் பாத்தேன்.”

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. அங்கே காந்தங்களைக் குளிர வைக்க ஹீலியத்தைத் திரவமாக்கி வைத்திருப்பார்கள் என்றும், அது கசிந்தால் வாயுவாகிப் பெருகி, நாம் மூச்சு விடுகிற காற்றைத் தள்ளிவிடும் என்றும் சொன்னேன். “விஷமெல்லாம் இல்லப்பா. அதுக்குத்தான் மாஸ்க் இருக்கு.”

“கெணத்துக் காத்து” என்றார் அப்பா.

அப்பா சிறுபிள்ளையாக இருக்கும்போது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். இளவயதில் மலையடிவாரத்தில் கிணறு வெட்டப் போயிருக்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அந்தத் தொட்டி மூலையில், பனி இறங்கிக்கொண்டிருக்க, என் பக்கம் பார்க்காமலே பேசினார்.

“ஆயக்குடியில ஒரு கொய்யாத் தோப்பு. ரொம்ப நாளா மூடிக் கெடந்த கெணறு, ஆழப்படுத்தணும்னு கூப்பிட்டாங்க. எங்கூட இலங்கைத் தோட்டத்து லயத்துலேருந்து வந்த பய மொதல்ல எறங்குனான். பாதியில மூச்சு முட்டிக் கைய விட்டுட்டான். அவன் அண்ணங்காரன் தம்பின்னு கத்திக்கிட்டே எறங்குனான். அவனும் வரல. நான் கயித்தப் புடிச்சிட்டேன். தோப்புக்காரர் என் இடுப்பக் கட்டிப் புடிச்சுத் தரையில தள்ளி மேல ஏறி உக்காந்துட்டாரு. அவர அடிச்சேன், கடிச்சேன். விடல.”

நான் தம்பியின் எண்ணை இன்னொரு முறை அழுத்தினேன்.

“ஓடி வந்துருந்தான்னா பொழைச்சிருப்பான். கூட இருந்த அந்தப் புள்ளயத் தேடிக்கிட்டுத் திரும்ப எறங்கியிருந்தான்னா...” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பூட்ஸ் கால்கள் ஞாபகம் வந்தன. அவை யாருடையவை? தம்பியுடையவையா, அந்த இத்தாலியப் பெண்ணுடையவையா? எந்தப் பக்கம் ஓடின? எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.

போன் அடித்தது. சட்டென்று எடுத்தேன். அம்மா. “என்னத்தா, பேசி முடிச்சாச்சா? புள்ள மெலிஞ்சிருக்கானா?” அப்பா போனை வாங்கினார். “நல்லாத்தான் இருக்கான். லைன் கெடைக்கல, மறுபடி கூப்புடுவான். நீ சோலியப் பாரு” என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு போனை என்னிடம் திருப்பித் தந்தார்.

தலைமையாசிரியர் உள்ளே வரச் சொன்னார். அப்பா அசையவில்லை. “அங்க போனா சிக்னல் வராது சார்” என்றார். யாரோ கொண்டுவந்த தேத்தண்ணி தொட்டித் திட்டில் ஆறிப்போனது. ஆய்வுக்கூடத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை, சிரிக்கும் விஞ்ஞானிகளின் படம் மட்டும். பள்ளி விட்டுப் பிள்ளைகள் பஸ் ஏறினார்கள். கேள்வி கேட்க எழுந்த அந்தப் பெண் மட்டும் ஜன்னலிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டு போனாள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“அக்கா, நான்தான். மேல வந்துட்டேன். போன் கீழ விழுந்துருச்சு, இது வேற ஆளோடது.” குரல் கரகரத்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

குழாய் ஒன்றின் வால்வில் கசிவாம். எல்லாரும் மாஸ்க் போட்டுக்கொண்டு மேலே வந்து, கூட வேண்டிய இடத்தில் கூடியிருக்கிறார்கள். அந்த இத்தாலியப் பெண்ணை மட்டும் காணவில்லை. படம் பிடித்தபடி பின்னால் போனவள் எந்தப் பக்கம் திரும்பினாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

“நான் லிஃப்ட்கிட்ட போய்ட்டேன் அக்கா. தீயணைப்பு ஆளுங்க விடல. அவங்களோட சண்டையே போட்டேன். கடைசியில அவ அந்தப் பக்கத்து லிஃப்ட்ல ஏறி வேற வாசல் வழியா வெளிய வந்துருந்தா. அங்க நின்னு என்னையக் காணோம்னு அழுதுக்கிட்டு இருந்துருக்கா.”

அப்பா போன் பக்கம் குனிந்தார். “ஏலே, நீ திரும்ப எறங்கல இல்ல?”

“அப்பாவா?” என்றான் தம்பி. அப்பா அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது.

“இல்லப்பா. விடல.”

“அது போதும்” என்றார். வேட்டியை மடித்துக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கை வைத்தேன். தம்பி “அப்பா, அப்பா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியில், ஆபீஸ் வேலை என்று ஏன் சொன்னீர்கள் என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வா என்று தம்பியிடம் சொல்லவும் இல்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் அவரே சொன்னார், கிணற்றையும் சேர்த்து. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெகுநேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது தினமும் அப்பாவே தம்பிக்குப் போன் செய்கிறார். சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால், “இன்னைக்கு மேலயா, கீழயா?” என்றுதான் கேட்கிறார். தம்பியும் உள்ளதைச் சொல்கிறான். மேல என்றால் பேச்சு பூண்டு விலை, பனி, அம்மாவின் கால்வலி என்று போகும். கீழ என்றால் அப்பா சுருக்கமாக வைத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய், அவன் மறுபடி கூப்பிடுகிற வரைக்கும் குனிந்த தலை நிமிராமல் கொத்திக்கொண்டிருப்பார்.