தடம் எழுதாத பத்திரம்

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்பு ஃபவுண்டரியில் மோல்டராக இருந்த ராமுலுவைப் பயந்த சுபாவக்காரன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. உருகிய இரும்பைக் கரண்டியில் ஏந்திக்கொண்டு வெறுங்காலோடு நடந்தவன். அப்படிப்பட்டவனை நடுங்க வைத்தது முப்பது சென்ட் நிலம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் பாலுசாமி என்பவரிடம் அதை வாங்கினான். ஒரே வரிசையாக நாலு லைன் வீடு கட்டி ஃபவுண்டரி ஆட்களுக்கு வாடகைக்கு விடுவதாகத் திட்டம். முதல் தடவை நிலம் வாங்குகிறவனுக்கு உள்ள சந்தேகம் எல்லாம் அவனுக்கும் இருந்தது. வில்லங்க சர்டிபிகேட் எடுத்தான். மூலப்பத்திரத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டான். பாலுசாமியின் மகன்களிடமும் கையெழுத்து வாங்கினான். இத்தனை உஷாரானவன் கோட்டைவிட்டது தடத்தில். நிலம் உள்ளடங்கி இருந்தது. ரோட்டிலிருந்து அங்கே போகிற வண்டித்தடம், பாலுசாமியின் அண்ணன் தம்பிதுரையின் தோட்டத்துக்குள் ஓடியது.

பத்திரம் எழுதிய வேங்கடசாமி பேனாவை நிறுத்தினார். "தடத்துக்கு அண்ணன்காரர் தனியா எழுதித் தரோணுமுங்களே?"

சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்த தம்பிதுரை பக்கத்திலேயே இருந்தார். "அதுக்கென்னுங்க" என்றார்.

அவ்வளவுதான். பெரிய மனுசர் இப்படிச் சொன்ன பிறகு எழுத்தில் கேட்டால் மரியாதையாகவா இருக்கும்? ராமுலு கேட்கவில்லை. நம் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆளைத் தவிர வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான்.

இரண்டு மாதம் கழித்து, தம்பிதுரையின் தோட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி போடுவதற்கான கல்லுக்கால்கள் தடத்தோரம் வந்து இறங்கின. பார்த்த அன்றைக்கு ராமுலுவுக்குச் சோறு இறங்கவில்லை. வேலி வந்தால் செங்கல் எப்படி உள்ளே போகும்? வழியில்லாத நிலத்தைத் திருப்பி விற்றால்தான் எவன் வாங்குவான்? தம்பிதுரை வீட்டுக்கு மூன்று தடவை போனான். மூன்று தடவையும் காபி கிடைத்தது. "பாத்துக்கலாமுங்க" என்றார். "ஏனுங்க அவசரம்" என்றார். மறுபடியும் "அதுக்கென்னுங்க" என்றார். திட்டித் துரத்தியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டான்.

கோயமுத்தூருக்குப் போய் வக்கீல் சென்னகேசவனைப் பார்த்தான்.

"ஒரே குடும்பச் சொத்தைப் பங்கு பிரிச்ச நிலம், உள்ள போக வேற வழியும் இல்லை. கேஸ் போட்டா தடம் கிடைக்கும். எத்தனை வருஷம் ஆகும்னு மட்டும் கேக்காதீங்க. சரி, அவர் தர்றேன்னாரா, இல்லைன்னாரா?"

"அதுக்கென்னுங்கன்னாருங்க."

"அப்படின்னா என்ன அர்த்தம்?"

ராமுலு கேஸ் போடாமலே பஸ் ஏறினான்.

மறுநாள் காலையில் வேலிக்குக் குழி தோண்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். ராமுலு தடத்து முனையிலேயே நின்றுவிட்டான். அவன் மனைவி அம்புஜம்தான் விறுவிறுவென்று தம்பிதுரையிடம் போனாள்.

"ஏனுங்க, வண்டிப் பேச்சே வேண்டாமுங்க. நாளைக்கு எங்கூட்டுக்காரர் அங்க கண்ண மூடிப்போட்டா, நாலு பேர் தூக்கிட்டு வர வழி வேணுங்களே. அதையாச்சும் எழுதிக் குடுத்துப்போடுங்க."

தம்பிதுரையின் முகம் வெளிறிப்போனது. பிணத்துக்கு வழி மறித்தவன் என்ற பேரை எடுக்க எவனுக்குத் துணிச்சல் வரும்?

"என்னுங்க அம்மணி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா இப்படிப் பேசறீங்க!" என்றவர் குழி தோண்டுவதை நிறுத்தினார். அடுத்த வாரமே தடத்தில் போகவரப் பாத்தியம் ரிஜிஸ்டர் ஆனது. பாடைக்கு இரண்டு பக்கமும் ஆள் நடக்க எட்டடி வேண்டும் என்று கணக்குச் சொன்னது வேங்கடசாமி. எட்டடியில் மாட்டுவண்டி தாராளமாகப் போகும். அம்புஜம் சிரித்துக்கொண்டாள்.

செங்கல் போனது, சுண்ணாம்பு போனது, நாலு வீடும் எழும்பி ஆள் நிரம்பியது. ராமுலுவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வாடகை வாங்கப் போகும்போதெல்லாம் தடத்தின் ஓரமாகவே நடந்தான். தன் பாடைக்கென்று அளந்த நடுவில் காலெடுத்து வைக்க அவனுக்குப் பயமாக இருந்தது.